டெம்பரேச்சர் கன்: கறுத்த தோசைக்கல்லில் நம்பலாம், துலக்கிய தேக்சாவில் கூடாது

தொடாமல் சூடு பார்க்கும் 12:1 வகை (12 பங்கு தூரத்துக்கு 1 பங்கு அகல வட்டத்தைப் பார்க்கும்) டெம்பரேச்சர் கன், ராணிப்பேட்டை பாய்லர் வேலைக்கும் ஆம்பூர் பிரியாணி அடுப்புக்கும் வேலூர் மொட்டைமாடிக்கும் நன்றாகவே உதவும். ஆனால் அது நேரடியாகச் சூட்டை அளப்பதில்லை. பரப்பிலிருந்து வரும் 8 முதல் 14 மைக்ரான் அலைநீள அகச்சிவப்புக் கதிரை வாங்கி, கணக்குப் போட்டுச் சொல்கிறது.

மலிவான மாடல்களில் எமிசிவிட்டியை, அதாவது பரப்பு கதிர் வீசும் திறனை (உச்சம் 1), 0.95 என்று நிலையாக வைத்திருப்பார்கள். சிமென்ட் தளம், செங்கல், ரப்பர், கரி பிடித்த தோசைக்கல் எல்லாம் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கதிர் வீசுபவை. அங்கே பெரிய பிழை வராது. வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்டும் அப்படித்தான். கண்ணுக்கு வெள்ளை, அகச்சிவப்பில் கிட்டத்தட்ட கறுப்பு. பெயின்ட் அடித்த பாதியையும் அடிக்காத பாதியையும் மதியத்தில் ஒப்பிட அருமையான கருவி.

கோளாறெல்லாம் பளபளப்பில். துலக்கிய அலுமினியத்தின் எமிசிவிட்டி 0.1-ஐ ஒட்டியே இருக்கும். 35 டிகிரி அறையில், 150 டிகிரி சூடேறிய தேக்சாவை நோக்கிப் பிடித்தால் 50 சொச்சம்தான் காட்டும். அந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் அறையின் கதிரைத்தான் பெரும்பாலும் படிக்கிறது. புதுத் தகர ஷீட்டில் இன்னும் மோசம். தெளிந்த வானத்தின் குளிர்ச்சி அதில் பிரதிபலிக்க, கை வைத்தால் சுடும் கூரையைக் குளிர்ந்தது என்று சொல்லிவிடும்.

பரிகாரம் எளிது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளக்கவும். 80 டிகிரிக்கு மேல் டேப் தாங்காது. அதைவிடச் சூடானால், பைக் சைலன்சருக்கு அடிக்கும் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்டைப் பூசலாம். சமையல் பாத்திரமென்றால் வெளிப்பக்கம் மட்டும்.

லேசர் புள்ளி குறி பார்க்க மட்டுமே. 120 செ.மீ. தள்ளி நின்றால் 10 செ.மீ. வட்டத்தின் சராசரியைத்தான் கருவி பார்க்கிறது. 3 செ.மீ. பேரிங்கை அளக்க 20 செ.மீ.க்குள் நெருங்க வேண்டும். கண்ணாடி வழியே அளந்தால் கண்ணாடியின் சூடுதான் வரும். நீராவி குறுக்கே வந்தால் எண் இறங்கும்.

பல மாடல்கள் 40 டிகிரி வரையிலான காற்றில் இயங்கத்தான் செய்யப்பட்டவை. வேலூர் அக்னி நட்சத்திரம் அதைத் தாண்டும். நிழலில் வைத்திருந்து, எடுத்து அளந்து, திரும்ப நிழலுக்கே கொண்டுவர வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்ததும் அளக்காமல் அரை மணி நேரம் விடுவது நல்லது. காய்ச்சல் பார்க்கும் கன் இந்த வேலைக்கு ஆகாது. அதன் எல்லை ஏறக்குறைய 43 டிகிரியோடு முடிகிறது.

எமிசிவிட்டியை மாற்றும் வசதியுள்ள மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஆனாலும் துலக்கிய அலுமினியத்துக்கு டேப்போ கறுப்புப் பெயின்டோதான் மேல்: 0.05-ஆ 0.1-ஆ என்ற சிறு சந்தேகமே எண்ணைப் பல பத்து டிகிரி மாற்றிவிடும்.