கிணற்றடியா, ஹீற்றரா: மாரியில் அம்மாவின் குளிப்பு

மாரி தொடங்கினால் எங்கள் வீட்டில் ஒரே வழக்குத்தான். அம்மாவுக்கு 79 வயது. கிணற்றடியில்தான் குளிப்பேன் என்பார். வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஹீற்றர் பூட்டச் சொல்லிக் காசு அனுப்புவான். நடுவில் நான்.

யாழ்ப்பாணத்துக் குளிர் என்ன பெரிய குளிர்? தை மாதப் பனியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் வயதுபோன உடம்பு சூட்டைப் பிடித்துவைக்காது. ஈரத்தோடு வாடைக்காற்றில் இரண்டு நிமிடம் நின்றாலே நடுக்கம் பிடித்துவிடும்.

முதலில் அம்மாவின் பக்கம். “விடியக் கிணத்துத் தண்ணி சுடும் மோனை” என்பார். பொய்யில்லை. நிலத்தடித் தண்ணீரின் சூடு இரவு பகலுக்கு அதிகம் மாறாது. வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். தாங்கித் தண்ணீர்தான் இராமுழுக்கப் பனியில் கிடந்து சில்லிட்டுப் போகும். குளியலறைக் குழாயில் வருவதோ அந்தத் தண்ணீர். தம்பிக்கு இது மறந்துபோய்விட்டது.

ஆனால் கிணற்றடியின் வில்லங்கம் தண்ணீரில் இல்லை, சீமெந்துத் தரையில் இருக்கிறது. இரண்டு கிழமை மழை பெய்தால் பச்சையாகப் பாசி பிடித்துவிடும். போன ஐப்பசியில் அம்மா அதில்தான் வழுக்கினார். உடுப்புத் தோய்க்கிற கல்லைப் பிடித்ததால் மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. இடுப்பெலும்பு உடைந்திருந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தும்புத்தடியால் உரஞ்சலாம். ஆனால் அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் போகாமல் பார்க்க வேண்டும், அடுத்த மழையோடு பாசியும் திரும்பி வந்துவிடும்.

சரி, ஹீற்றர். கூரையும் கதவும் இருக்கிறது, காற்றுப் படாது. அதுவே பாதி வெற்றி. ஆனால் எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்கு. அதே பொருக்கு ஹீற்றருக்குள்ளும் படியும். குழாயில் போகப்போகச் சுடவைக்கிற சின்ன ஹீற்றருக்குத் தண்ணீர் போகும் வழி ஒடுக்கம், அதனால் சீக்கிரம் அடைபடும். கரண்ட் போனால் அதோடு சரி. தொட்டி வைத்த ஹீற்றரில் கொஞ்ச நேரமாவது சூடு நிற்கும், ஆனால் விலை கூட. எதுவானாலும் ஏர்த் வயரும் ட்ரிப் சுவிட்சும் ஒழுங்காக இல்லாத பழைய வீட்டில் பூட்டாதீர்கள். இன்னொன்று, சூட்டின் அளவு. 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். சீனி வருத்தக்காரருக்குக் கால் விறைத்திருந்தால் சுடுவதே தெரியாது. 50 டிகிரிக்குக் கீழே வைத்துவிடுவது நல்லது.

விறகடுப்பில் காய்ச்சுவது செலவில்லை, ஆனால் கொதிபானையை யார் தூக்குவது? வாளிக்குள் போடுகிற மின்கம்பிச் சுருளை எங்கள் வீட்டுக்குள்ளேயே எடுக்கமாட்டேன். சுவிட்சை நிறுத்த மறந்து கையை விடுகிற வயது அம்மாவுக்கு.

கடைசியில் நாங்கள் பிடித்தது இடைவழி. இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீரை நான் குளியலறைக்குக் கொண்டுபோய் வைப்பேன். அதற்குள் ஒரு கேத்தில் சுடுதண்ணீர். பச்சைத்தண்ணீர் முதலில், சுடுதண்ணீர் பிறகு, முழங்கையை விட்டுப் பார்த்துக்கொண்டு. அடியில் ரப்பர் பூட்டிய கதிரை, சுவரில் கைபிடி, கதவுக்கு உள்கொண்டி இல்லை. நேரம் விடியற்காலை அல்ல, காலைச் சாப்பாடு முடிந்து பத்து மணிபோல. பிரஷர் குளிசை எடுக்கிறவர்கள் சுடுதண்ணீரில் குளித்துவிட்டுச் சடாரென்று எழும்பினால் தலை சுற்றும். அதனால் கதிரையிலேயே இருந்து துவட்டி, உடுப்பை மாற்றிவிட்டுத்தான் எழும்பலாம்.

தம்பி அனுப்பிய காசில் கைபிடியும் கதிரையும் வாங்கினது போக மிச்சமிருந்தது. கிணற்றடியிலிருந்து குசினி வாசல்வரை சொரசொரப்பான கல் பதித்தோம்.

வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா விடமாட்டார். கோயிலுக்குப் போக முதல் கிணற்றடியில் தலையில் தோயத்தான் வேணும். நான் துவாயோடு பக்கத்தில் நிற்பேன், அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லுவார்.