மாதிரிப் படகுக்கு அடிப்பாரம்: ஈயமா, இரும்பா, மணலா?

80 செ.மீ. நீள இழுவைப் படகு மாதிரி. மோட்டார், பேட்டரி எல்லாம் வைத்தும் நீர்க்கோடு (மிதக்கும்போது நீர் மட்டம் நிற்க வேண்டிய கோடு) வரை அமிழ இன்னும் 2 கிலோ வேண்டும்; பாரம் வைக்க 300 சதுர செ.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈயத் தகடு 6 மி.மீ. உயரத்தில் அடங்கிவிடும். இரும்புத் தகடு 8.5 மி.மீ. வரும். உலர்மணலோ 4 செ.மீ. தாண்டும். பாரம் மேலே ஏற ஏற, சாய்ந்த படகு நிமிர மறுக்கும். அதனால் மணலைத் தள்ளிவிடலாம். தண்ணீரும் அப்படித்தான், பாதி நிரம்பிய பை, சாய்ந்த பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும்.

மிச்சம் ஈயமும் இரும்பும். உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை, இரும்பு மலிவும்கூட. ஆனால் இரண்டு வருடம் கழித்துப் படகுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. புரொப்பல்லர் தண்டுக் குழாய் வழியாக ஈரம் எப்படியும் வரும். துருப்பிடித்த இரும்பு உப்பி, பலகை இணைப்புகளைப் பிளக்கும். எண்ணெய் பூசி இறுக மூடிய டப்பாவில் வைத்தால் நன்னீரில் தாங்கலாம். உப்புநீருக்கு அந்த உறுதியைத் தர மாட்டேன்.

என் தேர்வு ஈயம். ஆனால் அதையும் கெடுக்க ஒரு வழி உண்டு: ஒட்டும் பசை. ஈயக் குண்டுகளை மரவேலைக்கான வெள்ளைப் பசையில் பதித்தால், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடி உப்பும், படகின் உடல் விரியும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோனும் இதே வேலையைச் செய்யும். எப்பாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) மட்டுமே போதும். குண்டுகள் நனையும் அளவுக்குக் கலந்து, மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். மொத்தமாக ஊற்றினால் சூடேறி பிளாஸ்டிக் உடலை வளைத்துவிடும். ஈயத்தை உருக்கி நேராக ஊற்றவே கூடாது. அது உருகுவதே 327 டிகிரியில்.

மீன்பிடிச் சாமான் கடையில் ஈயக்குண்டு கிடைக்கும். டயர் கடையில் கழிக்கும் பழைய வீல் எடைகளும் (சக்கரத்தைச் சமநிலைப்படுத்த ஒட்டும் சிறு கட்டிகள்) உதவும், ஆனால் எல்லாம் ஈயமல்ல. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், நகத்தால் கீறினால் கோடு விழுந்தால் ஈயம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.

ஒட்டுமுன் குண்டுகளைச் சிறு பைகளில் கட்டி, படகைத் தொட்டியில் மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். விளிம்பை அழுத்தி விட்டால் சட்டென நிமிர வேண்டும். 200 கிராமை மட்டும் ஒட்டாமல் வையுங்கள். பெயின்ட்டும் மேல்கட்டுமானமும் ஏறிய பிறகு அது தேவைப்படும்.