ஜன்னல் சீட் என்று போட்டிருந்தது, ஜன்னல் இல்லை

நேற்று ஆறு மணி நேரம் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். டிக்கெட்டில் தெளிவாக ஜன்னல் சீட் என்றுதான் இருந்தது. எட்டு வருடமாக மாதம் இரண்டு முறை அதே பகல் ரயிலில் போய்வருகிறேன். எந்த எண் எங்கே வரும் என்பது மனப்பாடம். ஆனால் நேற்று வழக்கமான பெட்டிக்குப் பதில் வேறு வகைப் பெட்டியைக் கோத்திருந்தார்கள். எண் அதேதான், இடம் வேறு. என் தோளுக்குப் பக்கத்தில் ஒன்றரை முழ அகலத்துக்கு வெளிர்சாம்பல் நிறப் பலகை, அதில் துணி மாட்ட ஒரு கொக்கி. முன்சீட்டுக்காரரின் ஜன்னலிலிருந்து இரண்டு விரற்கடை வெளிச்சம் எனக்கு வந்தது. அதையும் அவர் திரையை இறக்கி மூடிவிட்டுத் தூங்கிப்போனார்.

இன்று காலை, கூட வேலை பார்க்கும் தம்பி வந்து கேட்கிறான்: "அண்ணே, அம்மாவைக் கூட்டிட்டு அதே ரயில்லதான் போறேன். எந்த சீட் எடுக்கட்டும்?" வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் நிதானமாகச் சொல்லியிருப்பேன். இன்று எரிச்சலோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ரயிலைப் பற்றி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கால் நீட்ட இடம் உண்டு, எழுந்து நடக்கலாம், மூன்று மணி நேரம் புத்தகம் படித்தாலும் கழுத்து வலிப்பதில்லை. இதே தூரத்தைச் சாலையில் போய் இறங்கிய நாட்களில் அன்றைய பொழுது அதோடு முடிந்துவிடும். ரயிலில் போனால் இறங்கியதும் வேலையைப் பார்க்கலாம். எட்டு வருடத்தில் இது ஒருநாளும் மாறவில்லை.

இனி சுவருக்கு வருகிறேன். இருக்கை வரைபடத்தில் வரிசை தெரியும், எண் தெரியும், ஜன்னல் தெரியாது. 'ஜன்னல் சீட்' என்றால் வரிசையின் ஓரத்து சீட் என்று மட்டும்தான் அர்த்தம். பெட்டியின் கூட்டைச் செய்யும்போது ஜன்னல்களை ஒரு கணக்கில் வைக்கிறார்கள். பிறகு அதே கூட்டுக்குள் வேறு வகுப்புக்காக அதிக வரிசைகளைப் போடுகிறார்கள். ஜன்னல் நகராது, சீட் நகரும். 1970களில் பிரிட்டனில் வந்த மார்க் 3 பெட்டிகளில் இது அப்படியே தெரியும். முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் ஒரே கூடு, பக்கத்துக்கு எட்டுப் பெரிய ஜன்னல்கள். முதல் வகுப்பில் 48 பேர். ஜன்னலும் சீட்டும் அழகாகப் பொருந்தும். இரண்டாம் வகுப்பில் அதே நீளத்துக்குள் எழுபதுக்கு மேல். அங்கே சிலருக்கு முழு ஜன்னல், சிலருக்குத் தூண். உலகம் முழுக்கப் பல பெட்டிகளில் கதை இதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைப் பிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. தூண் இருப்பதே கெடுதல் இல்லை, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் விஷயம். முதுகுச் சாய்வுக்கு நேராகத் தூண் வந்தால் அதைவிட நல்ல சீட் கிடையாது: தலை சாய்க்க ஒரு சுவர், கண்ணுக்கு முன்னால் முழுக் கண்ணாடி. முழங்காலுக்கு நேராகத் தூண் வந்தால் போச்சு. கழுத்தைத் திருப்பினால்தான் வெளியே தெரியும், அதுவும் கடந்துபோனதுதான் தெரியும். இரண்டு வரிசைக்கு ஒரு அகல ஜன்னல் வரும் பெட்டியில், ஒரே ஜன்னலைப் பங்குபோடும் இரண்டு பேரில் பின்னால் இருப்பவர்தான் கொடுத்துவைத்தவர். பெட்டி மேடைக்குள் வந்து நிற்கும்போது வெளியிலிருந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். என்ன செய்வது, அப்போது டிக்கெட் கையில் இருக்கும்.

எதிர்பாராமல் கிடைத்த ஒரு சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். என் பாதையில் நடுவே ஒரு சந்திப்பில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். அதுவரை முன்னோக்கி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அங்கிருந்து பின்னோக்கிப் போவார்கள். முதலில் எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. எழுந்து காலி சீட் தேடி அலைவேன். ஒருநாள் பெட்டி நிறைந்திருந்ததால் வேறு வழியில்லாமல் அப்படியே உட்கார்ந்தேன். அன்றுதான் தெரிந்தது, பின்னோக்கிப் போகும்போது காட்சி அவசரப்படுத்துவதில்லை. முன்னோக்கி உட்கார்ந்தால் ஒரு மரம் தூரத்தில் தெரிந்து, பெரிதாகி, நன்றாகப் பார்க்கலாம் என்று நினைக்கும்போது பறந்துவிடும். பின்னோக்கி உட்கார்ந்தால் அதே மரம் தோளருகே சட்டென்று தோன்றி, பிறகு மெல்ல மெல்லச் சிறிதாகும். பார்த்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு கேட்டில் நின்ற குழந்தை கையசைத்தது; அது புள்ளியாகும் வரை நானும் அசைத்துக்கொண்டிருந்தேன். முன்னோக்கி உட்கார்ந்த எத்தனை பயணத்தில் யாருக்கும் பதிலுக்குக் கையசைக்க நேரம் கிடைத்திருக்கிறது?

ஆனால் தம்பியின் அம்மாவுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தலைசுற்றல் உண்டு. உள்காது அசைவை உணர்கிறது, கண் வேறு ஒன்றைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டுகிறது. அவர் முன்னோக்கி உட்கார்ந்து, தூரத்துக் குன்றையோ அடிவானத்தையோ பார்த்தபடி வருவதுதான் நல்லது. பக்கத்தில் ஓடும் வேலியையும் கைப்பேசியையும் பார்க்காமல் இருந்தால் போதும். இன்னொன்று, பெட்டியின் நடுவில் எடுக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களைப் போகி என்பார்கள்; அவை பெட்டியின் இரு முனைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 26.4 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பியப் பெட்டிகளில் இரண்டு போகிகளுக்கும் இடைவெளி 19 மீட்டர், அதாவது முனையிலிருந்து 3.7 மீட்டர் உள்ளே போனால் போகியின் நடு. அதற்கு நேர் மேலே உட்கார்ந்தால் தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பும், தடம் மாறும் ஒவ்வொரு குலுங்கலும் இடுப்புக்கு வந்து சேரும். நடுவில் அது பாதிதான். கதவுச் சத்தமும் கழிவறைப் போக்குவரத்தும் அங்கே இல்லை என்பது கூடுதல்.

எந்தத் திசை என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்றாம் எண் எஞ்சின் பக்கம்தான் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெட்டியைத் திருப்பிக் கோத்தால் எல்லாமே தலைகீழ்.

இதைத் தீர்க்க முடியாது என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. ஜப்பானின் அதிவேக ரயில்களில் சீட்டையே திருப்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்று சீட் இருக்கும். சாயும் சீட் போட்டபோது, மூன்று பேர் சீட்டைச் சேர்த்துச் சுழற்ற வரிசைகளுக்கு நடுவே இடம் போதவில்லை. 1985-ல் வந்த '100 சீரிஸ்' என்ற ரக ரயிலில் அந்த இடைவெளியை 1,040 மில்லிமீட்டராக அகட்டினார்கள். மூன்றும் சேர்ந்து சுழன்றன. உட்காருபவரின் கண் எங்கே இருக்கும் என்று யாரோ ஒருவர் வரைபலகை முன் அமர்ந்து யோசித்திருக்கிறார். என் சுவரை வரைந்தவர் அதை யோசிக்கவே இல்லை.

எந்தப் பக்கம் என்பதற்கு வெயில்தான் கணக்கு. காலையில் வடக்கே போனால் வலப்பக்கம் வெயில், மாலையில் இடப்பக்கம். சில பாதைகளில் வெயிலைவிடக் காட்சிதான் முக்கியம். டோக்கியோவிலிருந்து ஒசாகா போகிறவர்கள் ஃபுஜி மலைக்காக வலப்பக்க ஜன்னலோர 'E' சீட்டைத் தேடி எடுப்பது அதனால்தான். வளைவுகள் அதிகமுள்ள பாதையில் வளைவின் உட்பக்கம் கிடைத்தால் நாம் போகும் ரயிலின் எஞ்சினையே பார்க்கலாம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

இருட்டிய பிறகு ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும், உள்ளே விளக்கு எரிவதால். அப்போது நெற்றியைக் கண்ணாடியில் வைத்து, இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்து வெளிச்சத்தை மறைத்தால் வெளியே உலகம் திரும்ப வரும். தந்திக் கம்பங்கள் ஓடும், வயல் மெதுவாக நகரும், நிலா நகராமல் கூடவே வரும். கண்ணாடியின் குளிர் நெற்றியில் ஏறும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் இத்தனை வருடம் ஜன்னல் சீட் எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை. நேற்று அதைச் செய்யப் பலகையில்தான் நெற்றியை வைக்க வேண்டியிருந்திருக்கும்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? எட்டு வருடக் கணக்கைக் கூட்டினால் இந்த ரயிலுக்கு ஐந்தில் நாலரை கொடுக்க வேண்டும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இன்று என் வாயில் வந்தது வேறு: "ஜன்னல் வேண்டாம். பெட்டி நடுவுல, நடைவழி ஓரமா ரெண்டு சீட் போடு. அங்கேயிருந்து எதிர்ப்பக்க ஜன்னல்ல ரெண்டு மூணு சாய்வாத் தெரியும், ஒன்னு தூணா இருந்தாலும் இன்னொன்னு திறந்திருக்கும். அம்மாவும் எழுந்து நடக்கலாம்."

"நீங்க ஜன்னலை விட்டு வேற எங்கேயும் உட்காரவே மாட்டீங்களேண்ணே" என்றான்.

அவன் போன பிறகு அடுத்த வாரத்துக்கு நானும் டிக்கெட் எடுத்தேன். பெட்டி நடுவில், நடைவழி ஓரம். எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.