அப்பாவின் அம்பாசிடரும் நாலு ப்ளக் கேப்பும்

மூன்று வாரம் லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். அதில் எட்டு நாள், கார் இன்ஜினின் ப்ளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்தனுப்புகிற டிஸ்ட்ரிப்யூட்டர் என்ற ஒரு பாகத்துக்கே போய்விட்டது. கல்யாணம், பேங்க், பத்திர ஆபீஸ் வேலையெல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்த வண்டிக் கதையை மட்டும் எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

வண்டி அப்பாவுடைய அம்பாசிடர், 1984 மாடல், மார்க் 4, அதே பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். நான் இருப்பது இங்கிலாந்தில், கவென்ட்ரியில். அங்கே மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டாக ஓடிய கார்தான் இங்கே அம்பாசிடர் ஆனது என்பது எல்லாருக்கும் தெரியும். மாரிஸ் அங்கே ரோட்டில் கண்ணில் படுவதே இல்லை, ஆனால் அதே பி சீரீஸ் இன்ஜினைத்தான் எம்ஜிஏ, எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் கார்களிலும் போட்டார்கள். 1955இல் வந்த எம்ஜிஏவுக்கும் 1489 சிசிதான். அந்தக் கார்களைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற ஆட்கள் அங்கே நிறைய இருப்பதால், ராத்திரி ஆர்டர் போட்டால் மறுநாள் காலை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு வேண்டிய பாயிண்ட், ரோட்டார், மூடி எல்லாம் வாசலில் வந்து நிற்கும். 2014 வரைக்கும் அம்பாசிடர் செய்துகொண்டிருந்த நாட்டில் பாயிண்ட் கருகாமல் காக்கிற ஒரு உருப்படியான கண்டென்சர் வாங்க முன்பு ஒரு முறை நான் நாலு கடை ஏறி இறங்கினேன். வாங்கிய கண்டென்சரும் இரண்டு மாதத்தில் போய்விட்டது என்று அப்பா போனில் சொன்னார்.

டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கிற சின்ன ஸ்விட்ச்தான் பாயிண்ட். அதன் இடைவெளியைச் சரியாக வைப்பது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. அப்பா டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றுவார், நான் டார்ச் பிடிப்பேன். சிபி பாயிண்ட்டின் முகத்தை எமரி ஷீட்டால் இரண்டு இழுப்பு, பெட்ரோல் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் பதினைந்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) தகட்டை நுழைத்து, அது வழுக்காமல், இறுகாமல், லேசாகப் பிடித்து இழுக்கிற மாதிரி வரும்வரை ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பார். கேஜ் கிடைக்காத நாளில் தீப்பெட்டி அட்டை. டேஷ்போர்டு பெட்டியில் ஒரு பழைய பற்பொடி டப்பாவில் எப்போதும் ஒரு ஜோடி பாயிண்ட்டும் ஒரு கண்டென்சரும் இருக்கும். இப்போது அவருக்கு 78 வயது. குனிந்தால் தலை சுற்றுகிறது, பதினைந்து தௌ இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டியை விற்கவும் மனசில்லை. ஸ்டார்ட் ஆகாமல் போர்ட்டிகோவில் அது நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

நான் எடுத்துப் போனது 123 இக்னிஷன் என்று டச்சுக்காரர்கள் செய்கிற டிஸ்ட்ரிப்யூட்டர், புளூடூத் மாடல். முந்நூறு பவுண்டுக்கு மேல் ஆகிறது. வெளியே பார்த்தால் சாதாரண டிஸ்ட்ரிப்யூட்டர் போலவேதான் இருக்கும், பழையதைக் கழற்றிய ஓட்டையிலேயே உட்காரும். உள்ளே பாயிண்ட் இல்லை, கண்டென்சர் இல்லை, எடைகளும் ஸ்பிரிங்கும் இல்லை. எந்த ஆர்பிஎம்மில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பொறி வர வேண்டும் என்று போனில் நாமே கோடு போட்டு அனுப்பலாம்.

பாயிண்ட்டுக்குப் பதிலாக வெறும் எலக்ட்ரானிக் மாட்யூல் போதாதா, புரோகிராம் பண்ணுவது எதற்கு என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். பழைய டிஸ்ட்ரிப்யூட்டரில் டைமிங்கை, அதாவது பொறி வருகிற நேரத்தை, முன்னால் தள்ளுவது இரண்டு சின்ன எடையும் இரண்டு ஸ்பிரிங்கும். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு ஃபேக்டரியில் அமைத்த ஒரே ஒரு கணக்குதான் அதற்குத் தெரியும். நாற்பது வருஷத்தில் ஸ்பிரிங் தளர்ந்து, புஷ் தேய்ந்து, ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினால் கையில் தெரிகிற அளவுக்கு ஆடுகிறது. 3000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு நொடிக்கு நூறு பொறி வேண்டும், ஆடுகிற ஷாஃப்ட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்துக்கு வரும். அது போக, இப்போது பங்கில் ஊற்றுவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் இ10 வந்தபோதே பழைய கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள், ஆனால் அவர்களுக்குச் சூப்பர் என்று இ5 இன்னும் கிடைக்கிறது. அம்பாசிடர் கார்பரேட்டருக்கு எத்தனால் கலந்திருப்பது தெரியாது, அது பாட்டுக்குப் பழைய அளவையே விடும், கலவை மெலியும், மெலிந்த கலவை மெதுவாக எரியும். அதற்குத் தகுந்த மாதிரி டைமிங்கை மாற்ற வழி வேண்டும். பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றினேன், அது அரை மணி நேர வேலை.

இனிமேல்தான் விஷயம். அப்பா முப்பது வருஷமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோனேன். பெரியவர் இப்போது இல்லை, மகன் பார்க்கிறார். சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "விட்டுட்டுப் போ கண்ணு, சாயங்காலம் வா" என்றார். டிஸ்ட்ரிப்யூட்டர், அதோடு வந்த கார்பன் ப்ளக் ஒயர் செட், தாளில் எழுதிய விவரம் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போனால் நாளைக்கு. நாளைக்குப் போனால் பையன் வரவில்லை. மூன்றாம் நாள் போன் எடுக்கவில்லை. நாலாம் நாள் சொல்லாமல் போய் நின்றேன். வண்டி தெருவோரம் வேப்பமரத்தடியில், பானெட் திறந்தபடி. புது டிஸ்ட்ரிப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது, மூடி மட்டும் கழற்றி ஏர் ஃபில்டர் மேல் கவிழ்க்காமல் வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் மூடிக்குள் ஒரு வேப்பிலை, அதன் மேல் ராத்திரிப் பனி காயாமல் நிற்கிறது.

எனக்கு அழுகையே வந்தது. கவென்ட்ரியில் நான் வண்டி விடுகிற இடத்தில் மணிக்கு எண்பது பவுண்டு வாங்குகிறார்கள், ஆனால் பதினோரு மணி என்றால் பதினோரு மணி, என்ன செய்தோம் என்று தாளில் எழுதித் தருவார்கள். பணத்துக்காக நான் இங்கே வரவில்லை. இந்த இடத்தில்தான் எட்டு வயதில் ஸ்பேனர் நம்பர் படிக்கக் கற்றேன், பெரியவர் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு எனக்கும் ஒரு பன் சொல்லுவார். அந்த இடத்தில் இப்படி ஒரு பொருளைத் திறந்து போட்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஆறாம் நாள் வண்டி கிடைத்தது. டைமிங் எப்படி வைத்தீர்கள் என்று கேட்டேன். "காதுல கேட்டுத்தான், அப்பா சொல்லிக் கொடுத்தது" என்றார். பாயிண்ட் வண்டிக்கு அது சரி, பெரியவர் காது அப்படிப்பட்ட காது. ஆனால் இதில் பிஸ்டன் உச்சியில் நிற்கிற இடத்தைப் பூஜ்ஜியமாக வைத்து டிஸ்ட்ரிப்யூட்டர் உடம்பை அதில் சரியாக நிறுத்திய பிறகுதான் போனில் போட்ட கோடு உண்மையாகும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது இனிமையாகக் கேட்கிறதே என்று கையால் திருப்பினால் மொத்தக் கோடும் கூடவே நகர்ந்துவிடும். மருதமலை ஏற்றத்தில், பொறி முந்தி வருவதால் உண்டாகிற நாக்கிங் சத்தம் சில்லறைக் காசைக் குலுக்குவது போலக் கேட்டது. அதைவிட மோசம், 2000 ஆர்பிஎம் தாண்டினால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது, போனில் புளூடூத் அறுந்து அறுந்து போகிறது. திரும்பிப் போய்ச் சொன்னால், "இந்தப் பெட்டியெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது, பழசையே மாட்டிடலாம்" என்றார். அப்பாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

மாமா பையன்தான் செட்டிபாளையம் பக்கம் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பைச் சொன்னான். காரி ஸ்பீட்வே இருக்கிற பக்கம். நாற்பது வயது காருக்குப் பைக் மெக்கானிக்கா என்று தயங்கித்தான் போனேன். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பையன், ரேஸ் பைக்குகளின் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியுவுக்கு, மேப் போடுகிறவன். அம்பாசிடரைத் தொட்டதே இல்லையாம். முதல் ஐந்து நிமிஷம் கையை வைக்கவே இல்லை, என்னைத்தான் கேள்வி கேட்டான். எப்போது வெட்டுகிறது, லோடு ஏறும்போதா, நின்ற இடத்திலும் வெட்டுகிறதா, புளூடூத் எந்த ஆர்பிஎம்மில் போகிறது. அப்புறம் அப்பாவின் பழைய ரேடியோவைப் போடச் சொன்னான். ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டர் கேபிளைக் கையால் இழுத்தான். இன்ஜின் ஏற ஏற ரேடியோவில் டர்ர் என்ற சத்தமும் கூடவே ஏறியது.

"ஏனுங்ணா, ப்ளக் ஒயரு காப்பருங்களா?"

இல்லை, கார்பன் என்றேன். அவன் மூணாம் நம்பர் ஒயரை மூடியிலிருந்து பிடுங்கி, முனையை என் கண்முன்னால் காட்டினான். நடுவில் பளபளவென்று செப்புக் கம்பி. நான் கொடுத்த செட்டைப் போடவே இல்லை, கடையில் இருந்த காப்பர் ஒயரைப் போட்டிருக்கிறார்கள். பாயிண்ட் காலத்தில் காப்பர் ஒயர்தான் உசத்தி, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதில் மின்தடை கிட்டத்தட்ட கிடையாது, ஒவ்வொரு பொறியும் ரேடியோ அலையாகச் சுற்றிலும் சிதறும். அந்த இரைச்சலில் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் தடுமாறிப் பொறியைத் தவறவிடும். என் ஒயர் செட் எங்கே என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். "எங்க வெச்சமோ தெரியல கண்ணு, தேடிச் சொல்றேன்" என்றார். இன்னும் தேடுகிறார்.

இங்கிலாந்திலிருந்து வேறு செட் வரவழைக்க நாள் இல்லை. பையன் எழுந்து போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தான். பைக்குக்குப் போடுகிற ப்ளக் கேப், உள்ளே 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தது. மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, நாலு எடுத்தான். காப்பர் ஒயரின் முனையில் அந்தக் கேப்பைத் திருகினால் அதுவே மரை பிடித்துக்கொள்கிறது, கார்பன் ஒயரில் அப்படித் திருக முடியாது. அந்தக் காப்பர் ஒயர் இருந்ததால்தான் இந்த வழி. பத்து நிமிஷம் ஆகவில்லை. ரேடியோவைப் போட்டு மறுபடி கேபிளை இழுத்தான். டர்ர் இல்லை. போன் இணைப்பு ஆடவில்லை. இன்ஜின் 4000 வரை ஒரே மூச்சில் ஏறியது.

அதோடு விடவில்லை. டைமிங் பூஜ்ஜியம் எங்கே என்று நம்புவது என்று அவனே கேட்டான். பக்கத்து லேத் பட்டறையில் ஒரு பழைய ப்ளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே போல்ட் கடைந்து வைத்து, பிஸ்டனை வழியில் முட்டி நிறுத்துகிற பிஸ்டன் ஸ்டாப் செய்து வாங்கி வந்தான். இது கோயம்புத்தூரில் மட்டும்தான் நடக்கும். கவென்ட்ரியில் எனக்குப் பக்கத்து லேத்தே கிடையாது. முதல் சிலிண்டரில் அதை மாட்டி, இன்ஜினைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை திருப்பி புல்லியில் ஒரு கோடு, மறுபக்கம் திருப்பி ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவே டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கிற இடம். டைமிங் கவரில் இருக்கிற முள் வளைந்திருந்தது, பழைய குறி மூன்று டிகிரி தள்ளி நின்றது. எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ. கிரீஸைத் துடைத்துப் புதுக் குறிக்கு வெள்ளை நெயில் பாலிஷ் வைத்தான். டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் போனில் காட்டுகிற எண்ணும் புல்லியில் தெரிகிற எண்ணும் ஒன்று.

நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கோடு போட்டோம். ஐடிலில் 8 டிகிரி, 2000இல் 20, 3200இல் 30, அதற்கு மேல் நேர்கோடு. மருதமலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மிதித்தால் 2000க்குக் கீழே ஒரு சின்ன கிணுகிணுப்பு மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் இரண்டு டிகிரி குறைத்தான், நின்றுவிட்டது. பழைய டிஸ்ட்ரிப்யூட்டரில் இதைச் செய்ய ஸ்பிரிங்கைத் தேடி அலைந்திருக்க வேண்டும், அப்போதும் ஒரு இடத்தை மட்டும் தொட முடியாது. கூலி எவ்வளவு தம்பி என்றேன். கேப்புக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் கேட்டான். இரண்டாயிரம் கொடுத்ததற்கு ஒரே பிடியாக மறுத்து, கடைசியில் ஆயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம், கல்லாறு வழியாகப் பர்லியாறு வரை போனோம். அந்தக் காலத்தில் ஊட்டி போகும்போதெல்லாம் அங்கேதான் நிற்போம், பெட்ரோல் பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்து வேப்பர் லாக் ஆகும், அப்பா ஈரத்துணியைச் சுற்றுவார், அம்மா மங்குஸ்தான் பேரம் பேசுவார். இந்த முறை எங்கேயும் நிற்கவில்லை, மூன்றாம் கியரிலேயே பாதி ஏற்றம் வந்தது. அப்பா ஜன்னலில் கை வைத்துச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். பர்லியாற்றில் இறங்கி, பானெட்டைத் திறக்கச் சொல்லி, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உள்ள பாயிண்ட்டே இல்லையா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தப் பற்பொடி டப்பாவை எடுத்துப் போட்டுவிடாதே என்றார். பழைய டிஸ்ட்ரிப்யூட்டரையும் அந்த டப்பாவையும் ஒரு துண்டில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். வழியில் எலக்ட்ரானிக்ஸ் போனால் அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டு வீடு வரலாம். ஆப்பைத் தம்பி போனில் போட்டு, பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு வந்தேன். இன்ஜினின் லோடைக் கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குத் தெரிவிக்கிற வேக்குவம் குழாயை இன்னும் இணைக்கவில்லை, கார்பரேட்டர் பக்கத்து முனை அடைத்துக்கிடக்கிறது. அந்தப் பையன் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, அடுத்த மாதம் இணைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். கார்பன் ஒயர் இன்னொரு செட் ஆர்டர் போட்டிருக்கிறேன், அடுத்து யார் ஊருக்குப் போகிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.