பரணில் ஏழு வருடம்: ஒரு கடல் பைனோகுலரும் ஒரு லேசர்க் கருவியும்

இந்தப் பைனோகுலர் என் கைக்கு வந்தபோது அதன் றப்பர் உறையில் எல்க் மானின் இரத்தக் கறை இருந்தது என்று மச்சான் சொன்னான். எனக்கு அது வெற்றிலைக் கறை போலத்தான் தெரிந்தது. எதுவாக இருந்தாலும் ஏழு வருடத்தில் மட்டக்களப்பு வெல்லாவெளி வயற்சேறு அதைத் தின்றுவிட்டது.

2018இல் நோர்வேயிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்த பொருள் இது. படகில் போகும்போது பார்க்கவென்று வாங்கி, பிறகு வேட்டைக்கும் கொண்டுபோய், கடைசியில் அதைவிட நல்லது ஒன்று வாங்கிவிட்டதால் இது எனக்கு வந்தது. 7x50 அளவு, உள்ளே அளவுக்கோடு போட்டது. 2022இல் ஊருக்கு வந்த ஒருவரிடம் லேசர்த் தூரமானி ஒன்றையும் கொடுத்தனுப்பினான். இரண்டும் இரண்டு கம்பனி. பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றைப் புகழ எனக்கு யாரும் காசு தரவில்லை, மற்றதைத் திட்டினால் மச்சான் கோபிப்பான்.

எனக்கு வயல் வட்டையில் நாலு ஏக்கர். மேற்கே காடு. பெரும்போகத்தில் கதிர் முற்றத் தொடங்கினால் அறுவடை முடியும் வரை யானைக் காவல், இரவில் வீட்டுப் பாயில் படுப்பதில்லை. பரண், தேத்தண்ணிப் போத்தல், டோர்ச், வனஜீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடி, கூடவே மாமா. அவ்வளவுதான் எங்கள் ஆயுதம். அப்பா காலத்தில் வீட்டில் ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது, அனுமதிப்பத்திரத்தோடு. யுத்தப் பிரச்சினைக் காலத்தில் அது போனது, அதன் பிறகு வீட்டில் துவக்கு என்ற பேச்சே இல்லை. இந்தப் பைனோகுலரையே அந்தக் காலத்தில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு சோதனைச்சாவடியைக் கடந்திருந்தால் இன்றைக்கு இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

மச்சான் அங்கே பத்திரம் எடுத்து, றைபிளோடு எல்க் வேட்டைக்குப் போகிறவன். பெரிய மிருகம் சுட வேண்டுமானால் அங்கே வருடா வருடம் சூட்டுப் பரீட்சை. முதலில் 30 வெடி பயிற்சிக்கு. பிறகு 100 மீற்றரில் வைத்த கலைமான் உருவத்தில், 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்தும் விழ வேண்டும். ஒன்று தப்பினாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். சுட்ட மிருகம் காயத்தோடு ஓடினால் தேடிப் பிடிக்கப் பழக்கிய நாய்க்கும் முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டுமாம்.

அவன் வந்திருந்த அந்த மாதம் பரணில் எங்களோடு நாலைந்து இரவு இருந்தான். "அரைக் கிலோமீற்றரில் நிற்பதைச் சுடலாமா?" என்று மாமா கேட்டார். மச்சான் சிரித்தான். 308 வகைத் தோட்டாவை 100 மீற்றருக்கு நேராக்கி வைத்தால், 300 மீற்றரில் அது ஏறத்தாழ அரை மீற்றர் கீழே விழும். 500இல் இரண்டு மீற்றர் அளவு விழும். போய்ச் சேர முக்கால் வினாடி. அதற்குள் மிருகம் ஒரு அடி எடுத்து வைத்தால் குறி வயிற்றில். தூரத்தை ஐம்பது மீற்றர் பிழையாகக் கணித்தாலும் அதே கதைதான். "தூரம் பார்க்கிறதுக்குத்தான் இவ்வளவும் மாமா. சுடுறதுக்கு நான் நூறு மீற்றருக்கு உள்ளே போயிருவன்" என்றான். எங்கள் பக்கத்தில் கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு கட்டி வைக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு விளங்காது. பன்றிக்கென்று கட்டியதில் மனிதனின் கால் போனதும் உண்டு. யானையின் காலில் ஈயம் ஏறி, புண் சீழ் பிடித்து, அந்த வலியோடு அது ஊருக்குள் வருவதும் உண்டு. தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியான ஹக்க பட்டாஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாய் கிழிந்த குட்டியைப் பார்த்தவனுக்குச் சோறு இறங்காது. 2023இல் மட்டும் நாட்டில் 400க்கு மேல் யானை செத்தது, நூற்றைம்பதுக்கு மேல் மனிதர் செத்தார்கள்.

சரி, கருவிக்கு வருகிறேன்.

7x50 என்றால் ஏழு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மில்லிமீற்றர். ஐம்பதை ஏழால் பிரித்தால் ஏழு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. கண்ணுக்குள் வந்து விழும் வெளிச்ச வட்டத்தின் அளவு அது. இருட்டில் இளம் வயதுக்காரனின் கண்மணி கிட்டத்தட்ட அவ்வளவு விரியும். அதனால்தான் மங்கலில் இது நல்லாகத் தெரிகிறது. ஐம்பதைத் தாண்டிய மாமாவின் கண்மணி அவ்வளவு விரியாது, மிச்ச வெளிச்சம் வீண். பக்கத்துக் காவல் வாடித் தம்பி பத்து மடங்கு என்று பெருமையாக 10x42 ஒன்று வாங்கினான். பகலில் அவனுடையது வெட்டும், கொக்கின் கண்ணை எண்ணலாம். பொழுதுபட்டால் என்னிடம் வந்து "அண்ணன், கொஞ்சம் தாங்க" என்பான். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு.

நிலவில்லாத இரவில் எந்தக் கண்ணாடியும் ஒன்றும் செய்யாது. அரை நிலவு போதும். நிலவில் பார்க்கும்போது கறுப்பு உருவத்தை நேரே உற்றுப் பார்த்தால் அது கரைந்துவிடும். கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைத்தால் திரும்பவும் தெரியும். மச்சான் சொல்லித் தந்ததில் முதல் நாளே பலித்தது இதுதான்.

பைனோகுலருக்குள் தெரியும் அளவுக்கோடுதான் இந்தப் பொருளின் உயிர். முதல் வருடம் நான் அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், மச்சானுக்கு இன்றும் சொல்லவில்லை. கணக்கு இதுதான்: ஆயிரம் மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒரு மீற்றர் உயரப் பொருள் ஒரு மில் என்ற கோண அளவில் தெரியும். என் கண்ணாடியில் சிறு கோட்டுக்குச் சிறு கோடு 5 மில். வளர்ந்த யானையின் தோள் உயரத்தை இரண்டரை மீற்றர் என்று வைத்தால், ஒரு இடைவெளியை நிரப்பி நிற்கும் யானை அரைக் கிலோமீற்றரில். இரண்டு இடைவெளி என்றால் கால் கிலோமீற்றர். இதற்குமேல் கணக்குத் தேவையில்லை. சாதாரண நடையில் யானை நிமிடத்துக்கு நூறு மீற்றர் அளவு வரும். ஆக, ஒரு கோடு என்றால் ஐந்து நிமிடம், இரண்டு கோடு என்றால் இரண்டரை நிமிடம். அடுத்த வாடிக்குக் குரல் கொடுக்க, நெருப்பைக் கிளற, வெடியை எடுக்க, தூங்குகிற மாமாவை எழுப்ப ஐந்து நிமிடம் தாராளம். மாமாவை எழுப்பத்தான் மூன்று நிமிடம். ஓடத் தொடங்கினால் இந்தக் கணக்கெல்லாம் தீர்ந்தது, நூறு மீற்றரைப் பதினைந்து வினாடியில் முடித்துவிடும்.

இதில் நான் அகப்பட்ட பொறி ஒன்று உண்டு. 2020 தை மாதம், நல்ல நிலவு. தனியன் யானை ஒன்று ஒரு கோட்டு அளவில் நிற்கிறது. ஐந்து நிமிடம் இருக்கிறது என்று நினைத்துத் தேத்தண்ணியை முடித்துவிட்டு எழும்பினேன். எழும்பும்போதே அது நாங்கள் நினைத்ததைவிட வெகு கிட்ட. விடிந்த பிறகுதான் விளங்கியது. இடுப்பளவு வேளாண்மைக்குள் நின்ற யானையின் காலை நான் எண்ணவே இல்லை. தெரிந்தது ஒன்றே முக்கால் மீற்றர்தான், நான் போட்ட கணக்கு இரண்டரைக்கு. 500 என்று நினைத்த இடம் உண்மையில் 350. அன்றைக்கு அது எங்களைப் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் கிறுகிப் போனது எங்கள் அதிர்ஷ்டம். கால் ஏக்கர் மிதி. சின்ன யானையிலும் இதே ஏமாற்று இருக்கிறது: சிறிதாகத் தெரிவதால் தூரத்தில் என்று நினைப்போம், அது பக்கத்தில் நிற்கும்.

அதன் பிறகுதான் மச்சான் சொன்ன இன்னொரு வேலையைச் செய்தேன். வேட்டைக்காரர்கள் உட்காரும் இடத்திலிருந்து மரம், கல், வேலி ஒவ்வொன்றுக்கும் தூரத்தை முன்பே அளந்து ஒரு அட்டையில் எழுதி வைப்பார்களாம். நான் பரண் பலகையில் கரியால் எழுதினேன். மருத மரம் 180. மதகு 240. பெரிய வரம்பின் முடக்கு 310. மின்வேலித் தூண் 410. நைலோன் கயிற்றில் ஐம்பது மீற்றருக்கு முடிச்சுப் போட்டு மாமாவும் நானும் இரண்டு நாள் அளந்தோம். வயல் பொறுப்பாளர் வட்டவிதானையார் "காணியைப் பிரிக்கிறீங்களோ?" என்று வந்து கேட்டுவிட்டுப் போனார். ஏழு வருடத்தில் இவ்வளவு பயன் தந்த வேறொன்று இல்லை, செலவும் இல்லை. மருத மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் வெடி. அதற்கு அங்கால் நின்றால் சும்மா பார். மாமா பைனோகுலரைத் தொடுவதே இல்லை, பலகையைப் பார்க்கிறார், மரத்தைப் பார்க்கிறார், போதும்.

இப்போது லேசர்த் தூரமானி. பெட்டியில் 1,200 மீற்றர் என்று போட்டிருந்தது. அது வெயிலில் மின்னும் தகரப் பலகைக்கு. நனைந்த யானைத்தோல் கறுப்பு, லேசரைத் திருப்பி அனுப்பாமல் குடித்துவிடும். என் அனுபவத்தில் 400க்கு மேல் யானையில் எண் விழுந்தது மிகக் குறைவு. மழைத் தூறலில் அடித்தால் துளியிலே பட்டு "18" என்று காட்டும். பதினெட்டு மீற்றரில் யானை என்று வாசித்தவனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அது அந்தப் பத்து மடங்குத் தம்பி. பெரும்போகக் காவல் என்பதே மழையும் பனியும்தான், இந்தக் கருவிக்கு இரண்டும் ஆகாது. பற்றரி இன்னொரு தலையிடி. சிஆர்2 என்ற குட்டை லித்தியம் பற்றரி. மட்டக்களப்பு நகரில் மூன்று கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. சாமான் தட்டுப்பாடாக இருந்த 2022இல் அதைக் கேட்டதற்கு ஒரு கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பால்மாவே இல்லாத நேரம்.

ஆனால் நியாயமாகச் சொன்னால், சிறுபோகத்தில் காய்ந்த வெளிச்சத்தில் அது நன்றாக வேலை செய்கிறது. பலகையில் எழுதிய அளவுகளை அதைக்கொண்டு சரிபார்த்தேன். கயிற்றில் அளந்த மின்வேலித் தூண் உண்மையில் 397. பதின்மூன்று மீற்றர் பிழை, கயிறு நேராகப் போகாமல் தொய்ந்து வளைந்திருக்க வேண்டும். இன்று அந்தக் கருவி வருடத்தில் பத்து மாதம் அலுமாரியில்.

பைனோகுலரிலும் குறை இருக்கிறது. ஒரு கிலோவுக்கு மேல் பாரம், இரண்டு மணித்தியாலத்தில் கழுத்து விறைக்கும். கையில் பிடித்துப் பார்க்காதீர்கள். றைபிளுக்குக் கீழே மணல் பை வைப்பதுபோல ஒரு சின்னச் சாக்குப் பையில் உமி நிரப்பிப் பரண் சட்டத்தில் வைத்து, அதன்மேல் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். நடுக்கம் போய்விடும், கோடு அசையாமல் நிற்கும். மணல் வேண்டாம், நனைந்தால் காயாது.

2021இல் பரணிலிருந்து விழுந்து ஒரு குழல் விலகிவிட்டது. பார்த்தால் எல்லாமே இரண்டிரண்டு, அரை மணியில் தலை இடிக்கும். பசளை இல்லாமல் வேளாண்மை பாதியாய்ப் போன போகம் அது, கையில் காசும் இல்லை. கொழும்பில் ஒரு கடைக்குக் கொடுத்தனுப்பினேன். ஒரு மாதம் வைத்திருந்து காசும் வாங்கி, சரி என்று தந்தார்கள். சரியாகவில்லை. மச்சான் அடுத்த முறை வந்தபோது அங்கே கொண்டுபோய்த் திருத்தி அனுப்பினான். அதுவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், அதற்குப் பழகியும் விட்டேன்.

பூஞ்சணம் இன்னொரு எதிரி. தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் மழைக்காலத்தில் லென்ஸில் சிலந்தி வலைபோலப் படரும், விட்டால் பூச்சைத் தின்னும். என்னுடையது உள்ளே நைதரசன் அடைத்துக் காற்றுப் புகாமல் மூடியது, ஆகவே வெளிக் கண்ணாடியில்தான் வந்தது, துடைத்தேன். இப்போது இறுக்கமான பிளாஸ்ரிக் வாளிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் அந்தச் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்தேன். மருமகளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினால் முதலில் பெட்டியைத் திறப்பது நான்தான்.

காற்றைப் பற்றியும் ஒன்று. மச்சானுக்குக் காற்று என்றால் தோட்டா எவ்வளவு விலகும் என்ற கணக்கு. எனக்கு மணம். சிறுபோகத்தில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது காட்டு மணம் எங்களுக்கு வரும், எங்கள் மணம் கடற்பக்கம் போய்விடும். யானை தெரியாமலே கிட்ட வரும், நாங்கள் தெரியாமல் அதைக் கிட்டப் பார்த்துவிடுவோம். பெரும்போக வாடைக் காற்றில் எதிர்மாறு, நாங்கள் பரணில் ஏறியவுடனேயே காட்டுக்குத் தகவல் போய்விடும். அந்த நாட்களில் யானை விளிம்பில் வெகுநேரம் நிற்கும். அப்போதுதான் அளவுக்கோடு அதிகம் உதவும், ஒரு கோட்டிலிருந்து இரண்டு கோடாக வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கச்சான் காலத்துப் பகலில் வரம்பு நெடுகக் கானல் ஆடும், உருவம் நெளியும், அளவு எடுக்கவே முடியாது. அந்தக் கானல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்தே மச்சான் தூரத்துக் காற்றைச் சொன்னான். புல்லை ஊதிப் பார்க்கிற மாமாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் இருவரும் ஒரே பக்கத்தைத்தான் காட்டினார்கள்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: பழையது ஆனாலும் பரவாயில்லை, கோடு போட்ட 7x50 தேடுங்கள். வாங்கும் முன் தூரத்து மின்கம்பத்தைப் பார்த்து இரண்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள், லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். லேசருக்குக் காசு கொடுக்காதீர்கள், அந்தக் காசில் நல்ல டோர்ச் ஒன்றும் ஐம்பது மீற்றர் கயிறும் வாங்கலாம்.

போன கார்த்திகை மழையில் மருத மரம் சாய்ந்துவிட்டது. 180 என்று பலகையில் இன்னும் இருக்கிறது, மரம்தான் இல்லை. அதே இடத்தில் ஒரு தடியை நட்டு வெள்ளைச் சாரம் கிழித்துக் கட்டியிருக்கிறேன். இரண்டாம் நாளே யானை அதைப் பிடுங்கிவிட்டது.