திருச்சியில் செய்துகொண்ட ஸ்லிங் ஆபரேஷன்: டாக்டருக்கு 5, பில்லிங் கவுண்டருக்கு 1

தனியார் மருத்துவமனை. கீழே குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் ஒண்ணுக்கு கசிகிற தொல்லைக்கு அங்கே ஸ்லிங் ஆபரேஷன், அதாவது சிறுநீர்க் குழாய்க்குக் கீழே தாங்கல் வைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டேன். வயது 54, தொடக்கப் பள்ளி டீச்சர். இரண்டும் சுகப்பிரசவம், இளையவன் பிறக்கும்போதே நாலு கிலோ.

டாக்டரம்மா எடுத்த எடுப்பில் ஆபரேஷன் பேச்சே எடுக்கவில்லை. முதலில் 3 மாதம் பிசியோ, அதாவது சிறுநீரை அடக்கும் தசைக்குப் பயிற்சி. "பாதிப் பேர் வயித்தையும் தொடையையும்தான் இறுக்குறாங்கம்மா, உள்தசையை இல்லை" என்று பிசியோ பெண் பரிசோதித்துப் பார்த்தே சரியாகச் சொல்லிக்கொடுத்தார். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. பிரேயரில் தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிற பிழைப்புதான்.

அடுத்து யூரோடைனமிக் டெஸ்ட். சின்ன டியூப் வழியாகச் சிறுநீர்ப்பையை நிரப்பி, "நல்லா பலமா இருமுங்கம்மா" என்பார்கள். கசிவது இருமலினாலா, இல்லை பை தானாகச் சுருங்குவதாலா என்று அதில் தெரிந்துவிடும். அவசரமாக முட்டிக்கொண்டு வருகிற தொல்லைக்கு இந்த ஆபரேஷன் மருந்தில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். டெஸ்ட் நடக்கும்போது ஒரு அட்டெண்டர் கதவைத் தட்டாமல் ஃபைலோடு உள்ளே வந்தார். ஒரு திரை போட்டால் என்ன செலவாகிவிடும்?

டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து இரண்டு வழியையும் விளக்கினார். ஒன்று, சிறுநீர்க் குழாய்க்குக் கீழே பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் நாடாவைத் தாங்கலாக வைப்பது. சின்னக் கீறல்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் நாடா சதையோடு ஒட்டிவிடும். பின்னால் வலித்தாலோ வெளியே அரித்துக்கொண்டு வந்தாலோ முழுசாக எடுப்பது கஷ்டம். இப்படி வந்த புகார்களால்தான் பிரிட்டனில் 2018-ல் இதை நிறுத்திவைத்தார்கள். அமெரிக்காவில் 2019-ல் விற்பனையை நிறுத்தியது சிறுநீர்ப்பை மாதிரி அடிவயிற்று உறுப்புகளின் இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கிற வலையைத்தான், இந்த நாடாவை அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். இன்னொன்று, அடிவயிற்றைத் திறந்து, தசையை மூடியிருக்கும் கெட்டியான உறையிலிருந்தே ஒரு பட்டை எடுத்துத் தாங்கல் வைப்பது. வெளிப்பொருள் கிடையாது. ஆனால் வெட்டு பெரிசு, வலி அதிகம், கொஞ்ச நாள் ஒண்ணுக்குப் போகவே சிரமப்படலாம்.

என் அக்காவுக்கு நாடா வைத்து நன்றாகவே இருக்கிறாள். இருந்தும் நான் சொந்தச் சதையைத்தான் கேட்டேன். டாக்டரம்மா எந்தப் பக்கமும் தள்ளவில்லை. 5 கொடுத்தது அதற்குத்தான்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். ஆபரேஷனுக்குப் போட்டிருந்த சிறுநீர் டியூபை எடுத்த பிறகுதான் அசல் சோதனை. ஒவ்வொரு முறையும் போனதைக் கப்பில் அளந்து, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்த்தார்கள். முதல் முறை சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, மிச்சம் நிறைய. திரும்ப டியூப் போட்டு அதோடுதான் வீட்டுக்கு வந்தேன். டியூபில் மாட்டிய சிறுநீர் பையை எப்படிக் காலி செய்வது என்று நைட் டியூட்டி நர்ஸ் மருமகளை நிற்கவைத்துச் செய்யச்சொல்லிக் காட்டிக்கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு இங்கேயே ஒரு நன்றி.

இனி குறை. பில்லிங் கவுண்டரில் இருந்த தம்பி, வரிசையில் ஆண்கள் நிற்கும்போது, "என்ன ஆபரேஷன்மா, யூரின் லீக்கா?" என்று மைக் வைத்த மாதிரி கேட்டார். பேக்கேஜ் என்று சொன்னதில் யூரோடைனமிக் டெஸ்ட் சேராது என்பது டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரிந்தது. வார்டு கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி கிடையாது. அடிவயிற்றில் தையலோடு சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

இப்போது இருமினால் ஒன்றும் ஆவதில்லை. ஒண்ணுக்கு முன்னைவிட மெதுவாகத்தான் போகிறது, அது பரவாயில்லை. கனம் தூக்கக் கொஞ்ச காலம் தடை. குடம் மகன் பொறுப்பு.

போகிறவர்கள் பேக்கேஜில் என்னென்ன அடங்கும் என்று அட்மிஷனுக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டெஸ்ட்டுக்குச் சேலையில் போகாதீர்கள், நைட்டிதான் வசதி.