பிராட்ஷீட் நாளிதழ்: எல்லாம் பிடிக்கிறது, அந்தத் ‘தொடர்ச்சி’யைத் தவிர

பிராட்ஷீட் எனும் பெரிய தாள் நாளிதழுக்குச் சந்தா கட்டலாமா, ஏறக்குறைய அதில் பாதி அளவுள்ள டேப்ளாய்டே போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டின் அளவும் அவருக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பல வருடமாகத் தினமும் பெரிய தாளை விரித்துப் படிப்பவன் என்ற முறையில் எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான். பெரிய தாள் தன் வாசகரை மதிக்கிறது. முதல் பக்கத்தில் ‘தொடர்ச்சி 9-ம் பக்கம்’ என்று போடும் இடத்தில் மட்டும் அந்த மதிப்பை மறந்துவிடுகிறது.

மதிப்பு என்று எதைச் சொல்கிறேன்? ஒரு பக்கத்தை விரித்தால் ஏழெட்டுச் செய்திகள் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. நான்கு பத்தி அகலத்துக்குத் தலைப்பு போட்டிருந்தால் அன்றைய தலையாய விஷயம். ஒற்றைப் பத்தியில் இறங்கினால் தெரிந்துகொண்டால் போதும். மடிப்புக்குக் கீழே பாக்ஸ் கட்டியிருந்தால் நிதானமாகப் படிக்க வேண்டியது. எது பெரிது, எது சிறிது என்று ஆசிரியர் குழு எடை போட்டு வைத்திருக்கிறது, ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் நம் கையில். டேப்ளாய்டு பக்கத்தில் ஒன்றிரண்டு செய்திதான் அடங்கும் என்பதால் எல்லாமே தலை போகிற செய்தி மாதிரித் தெரியும். நேரம் ஒதுக்கிப் படிக்கிறவருக்கு, தானே தேர்ந்தெடுக்க விரும்புகிறவருக்கு, பெரிய தாள் பிடித்துப்போவது இதனால்தான்.

மொழியும் அப்படியே. ‘விலை உயரும்’ என்று ஆச்சரியக்குறியோடு அலறாமல், ‘விலை உயர வாய்ப்பு: ஆணையம்’ என்று யார் சொன்னது என்பதையும் சேர்த்தே தலைப்பு வைப்பார்கள். தீர்ப்பு வரும்வரை அவர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’தான், ‘குற்றவாளி’ ஆகமாட்டார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2023 வரைக்கும் செய்திக்குள் பெயருக்கு முன்னால் திரு., திருமதி போடுவதை விடாமல் வைத்திருந்தது. தலையங்கம் தினமும் ஒரே இடத்தில், எழுதியவர் பெயர் இல்லாமல், பத்திரிகையின் குரலாக வரும். பெயர் போட்ட கருத்துக் கட்டுரைகள் அதை ஒட்டியோ எதிர்ப்பக்கத்திலோ இருக்கும். அந்த எதிர்ப்பக்கத்தை வெளியாருடைய கருத்துக்கென்றே 1970-ல் நியூயார்க் டைம்ஸ் ஒதுக்கியது, பிறகு மற்றவர்களும் பின்பற்றினார்கள். பழகிய வாசகரின் கை அந்தப் பக்கத்துக்குத் தானாகவே போகும்.

அளவுக்கே ஒரு கௌரவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு லண்டன் பத்திரிகைகளைப் பாருங்கள். தி இண்டிபெண்டன்ட் 2003-ல் சிறிய தாளிலும் வர ஆரம்பித்தது. தி டைம்ஸ் 2004 நவம்பரில் பெரிய தாளை முழுவதும் கைவிட்டது. இரண்டுமே தங்களை ‘டேப்ளாய்டு’ என்று சொல்லிக்கொள்ளாமல் ‘காம்பாக்ட்’ (கச்சிதம்) என்றுதான் சொல்லிக்கொண்டன. தாள் சுருங்கினால் தரமும் சுருங்கிவிட்டதாக வாசகர் நினைத்துவிடுவாரோ என்ற பயம் அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. தி கார்டியன் 2005-ல் நடுத்தரமான பெர்லினர் அளவுக்குப் போய், 2018-ல் டேப்ளாய்டுக்கே வந்துவிட்டது. ஃபைனான்ஷியல் டைம்ஸ் பெரிய தாளையும் விடவில்லை, 1893-ல் எடுத்த ரோஜா நிறத்தையும் விடவில்லை.

கையில் மை ஒட்டுகிறது என்ற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாளிதழ் மையைச் சூடு காட்டி உலர்த்துவதில்லை, அது தாளுக்குள் ஊறித்தான் நிற்கிறது. அதனால் அடர்ந்த கறுப்பு விளம்பரம் உள்ள பக்கத்தை ஓரத்தில் பிடித்தால் போதும். கத்தரித்து வைத்த துண்டுகள் பழுப்பது மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருளால். வெளிச்சம் படாமல் உறைக்குள் வைத்தால் மெதுவாகத்தான் பழுக்கும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் ஐந்தாறு செய்தியாவது தொடங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள், நியாயம்தான். முழுவதும் அடங்காது, இருபது வரி விட்டுவிட்டு மீதியை உள்ளே தள்ளுகிறார்கள். எங்கே தள்ளுகிறார்கள் என்பதில்தான் அக்கறை இல்லை. 16 பக்க இதழைப் பிரித்துப் பாருங்கள், மொத்தம் நான்கே தாள். வெளித்தாளில் 1, 2, 15, 16. அடுத்ததில் 3, 4, 13, 14. மூன்றாவதில் 5, 6, 11, 12. உள்தாளில் 7, 8, 9, 10. ஒரே தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும். இந்தக் கணக்கு தெரிந்தால் விஷயம் எளிது. தொடர்ச்சி 2, 15, 16 ஆகியவற்றில் ஒன்றில் இருந்தால் வெளித்தாளை மட்டும் உருவிக்கொண்டு படித்து முடித்துவிடலாம். 16-ல் இருந்தால் மடித்த இதழைத் திருப்பினாலே போதும். 9-ல் போட்டால்? நான்கு முறை புரட்டிப் போக வேண்டும், நான்கு முறை புரட்டித் திரும்ப வேண்டும். கையை அகட்டி 60, 70 செ.மீ. அகலத்துக்கு விரிக்க வேண்டிய தாளில் ஒரே செய்திக்கு எட்டுப் புரட்டல். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் முகத்தில் இடிக்காமல் இதைச் செய்ய முடியாது.

அங்கே போய்ச் சேர்ந்தாலும் தேட வேண்டியிருக்கிறது. முதல் பக்கத் தலைப்பில் ‘அணை’ என்று இருக்கும், உள்ளே ‘நீர்மட்டம்’ என்று ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே செய்திதான் என்று வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டும். இதைவிடக் கொடுமை, எண் மாறுவது. உள்பக்கங்கள் முன்னதாகவே அச்சுக்குப் போய்விடும், முதல் பக்கம் கடைசியில்தான் முடியும். நடுவில் புதுத் தகவல் வந்தால் முதல் பக்கத்தில் மட்டும் திருத்துவார்கள். அதனால்தான் முன்னால் 14 பேர் என்றும் தொடர்ச்சியில் 12 பேர் என்றும் வருகிறது. கடைசி நேரத்தில் முழுப்பக்க விளம்பரம் நுழைந்து பக்கங்கள் நகர்ந்துவிட்டால், 9 என்று தட்டிய எண் 9-ஆகவே நிற்கும், செய்தி 11-ல் இருக்கும்.

யார் சொன்னது என்று தலைப்பிலேயே கவனமாக எழுதுகிற பத்திரிகை, மீதிச் செய்தி எங்கே என்பதைச் சரியாகச் சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சரிசெய்ய வழி இல்லாமலும் இல்லை. எல்லாத் தொடர்ச்சியையும் கடைசிப் பக்கத்தில் ஒன்றாகப் போடலாம். இரண்டு தலைப்பிலும் ஒரே முதற்சொல்லை வைக்கலாம். எல்லாவற்றையும்விட நல்லது, முதல் பக்கத்தில் தனியாகவே முழுமை பெற்ற 150 சொல் எழுதி, விரிவான செய்திக்கு ‘மேலும்: பக்கம் 9’ என்று வழிகாட்டுவது. அப்போது போக விரும்புகிறவர் போவார், மற்றவர்கள் பாதி வாக்கியத்தில் தொங்க வேண்டியதில்லை.

நடுவில் ஒரு சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. அதே உள்தாளில் 8-ம் 9-ம் ஒட்டிய ஒரே பரப்பு, நடுவில் வெட்டு கிடையாது. ஒரு வரைபடத்தையோ தேர்தல் முடிவு அட்டவணையையோ அங்கே முழு அகலத்தில் போட்டால், தரையில் விரித்துக் குனிந்து பார்க்கலாம். கையில் பிடிக்கும் எந்தத் திரையும் அந்த அகலத்தைத் தருவதில்லை. டேப்ளாய்டு நடுப்பக்கத்தின் பரப்பு அதில் ஏறக்குறைய பாதிதான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், இன்று நண்பருக்கு நான் சொல்லும் பதில் டேப்ளாய்டு என்பதுதான். அவர் பயணத்தில் நின்றுகொண்டே படிப்பவர், காலையில் கால் மணி நேரம்தான் அவருக்குக் கிடைக்கும். விடுமுறை நாளுக்கு மட்டும் பெரிய தாள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே சந்தா கட்டிவிட்டவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் விளம்பர மேல்தாளை உருவிப் போடுங்கள். தொடர்ச்சி 9-ல் என்றால், வெளித்தாளையும் உள்தாளையும் தனியாக எடுங்கள். முதல் பக்கத்தை வலது கைப்பக்கம் வையுங்கள், 9-ம் பக்கத்தை இடது கைப்பக்கம் வையுங்கள். ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இரண்டு சாண் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றில் இரண்டும் கலந்துவிடும்.